நானூறு

எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு வேலை தொடங்குபவள் நான்.
லியபாயா துறைமுகத்தில் முப்பத்தொரு கணினிகள்,
முப்பத்தொன்றுக்கும் நான் ஒருத்தி.
வெளியே பால்டிக் காற்று
மூன்றடுக்குக் கண்ணாடியில் முதுகைத் தேய்க்கிறது.
காற்று பிறக்கும் ஊர் என்று இதற்குப் பட்டப்பெயர்.
பிறந்ததும் போய்த் தொலையலாமே என்பாள் மேலாளர் விஸ்மா.

ஏழு எழுத்து அடித்தால் திறக்கும் ஓர் உள்ளறை.
எந்த மெனுவிலும் அதற்கு வழி கிடையாது.
'நிச்சயமாகவா?' என்று ஒருமுறை கேட்கும்,
அவ்வளவுதான் காவல்.
உள்ளே மஞ்சள் உறைகள், உறைக்குள் உறை,
அடியாழத்தில் ஒரு பெயர், ஓர் எண்.
சேமிக்கும் பொத்தான் இல்லை,
பழையபடி ஆக்கும் பொத்தானும் இல்லை.
வாய் தவறி விழுந்த சொல் மாதிரி
மாற்றியது மாற்றியதுதான்.

அங்கே உட்கார்ந்திருந்தது நானூறு.
மெனு விரியும் முன் கணினி காத்திருக்கும் நேரம்:
நொடியை ஆயிரம் கூறு போட்டு
அதில் நானூறு.
யாரோ எங்கோ தீர்மானித்திருக்கிறார்கள்,
மனிதக் கை தயங்கும் அளவு இவ்வளவு என்று.
எனக்குத் தயக்கம் பிடிக்காது.
பூஜ்யம் போட்டேன்.
முப்பத்தொன்றிலும்.

காலையில் எல்லாருக்கும் குஷி.
புது மெஷின் வாங்கிவிட்டீர்களா என்றார்கள் சுங்கத்தில்.
விஸ்மா கருப்பு ரொட்டியில் புகையூட்டிய மீன் வைத்து
என் மேசைக்கே கொண்டுவந்து கொடுத்தாள்.
நான் மறுக்கவில்லை.

பதினான்காம் மெஷின் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.
அதில் குன்தார்ஸ், கப்பல்களுக்குத் தளம் ஒதுக்குபவர்.
இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பிழை கிடையாது என்பார்கள்.
அந்த வாரம் மூன்று.
மரச்சில்லுக் கப்பலைத் தானியத் தளத்துக்கு அனுப்பிவிட்டார்;
கோதுமைக்காரர்களும் எஸ்டோனியக் கேப்டனும்
மழையில் நின்று கத்தியது
கலங்கரை விளக்கம் வரை கேட்டிருக்கும்.
எச்சரிக்கைக் கடிதம் அச்சுக்குப் போனது.
அச்சுப்பொறியில் காகிதம் சிக்கியதால் என்னைக் கூப்பிட்டார்கள்.
சிக்கிய பாதியை இழுத்தெடுத்துப் படித்தேன்.

கேபிள் மாற்ற வந்தவளைப் போல
அவர் நாற்காலிக்குப் பின்னால் குனிந்தேன்.
வலது கையை இடது கையால் பிடித்திருந்தார்.
ஆனாலும் அம்புக்குறி
முள்வேலியில் மாட்டிய பாலிதீன் பையாகப் படபடத்தது.
மூன்றாம் தளத்துக்குப் போகும் வழியில்
இரண்டு விரியும், நான்கு விரியும்,
அகப்பட்டதில் அழுந்தும் விரல்.
இத்தனை நாளும் நானூறு அவருக்காக நின்றிருக்கிறது,
நின்றதை யாரிடமும் சொல்லாமல்.

திரும்பி என்னைப் பார்த்தார்.
"காற்று" என்றார்.
சன்னல் மூடியிருந்தது.
"ஆமாம், இன்றைக்கு அதிகம்" என்றேன்.

அன்றிரவு பதினான்கில் தொள்ளாயிரம் போட்டேன்.
பணிப்பதிவேட்டில் எழுதினேன்:
மெஷின் கோளாறு. தவறு என்னுடையது.
கடிதம் திரும்பிப் போனது.
ரொட்டி அதற்கப்புறம் வரவில்லை.

மாதத்தின் இரண்டாம் செவ்வாய் புதுப்பிப்பு வரும்.
சில நேரம் அது எல்லா எண்களையும்
தொழிற்சாலைக் கணக்குக்கே இழுத்துவிடும்.
அதனால் புதன் விடியும் முன்
பதினான்கைத் திறந்து பார்ப்பது வழக்கமாயிற்று.
பிப்ரவரியில் தொள்ளாயிரம் இருந்தது.
மார்ச்சிலும் இருந்தது.
ஏப்ரலில் ஆயிரத்து இருநூறு.

நான் போட்டதல்ல.

அந்த ஏழு எழுத்தை அவருக்கு யார் சொன்னார்கள்?
எத்தனை உறை தவறித் திறந்து மூடினாரோ,
அந்தக் கையால், ஆள் இல்லாத எந்த நேரத்திலோ.
நானும் ஒவ்வோர் உறையாக
வந்த வழியே மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.
மூன்றாம் தளத்தில் மரச்சில்லுக் கப்பல் ஒன்று
மெதுவாகப் பக்கவாட்டில் ஒதுங்கிக்கொண்டிருந்தது.

மே மாதம் திறந்து பார்ப்பதா வேண்டாமா என்று
இன்னும் தயங்கிக்கொண்டிருக்கிறேன்.